குளிரும்போதுதான் குணம் தெரியும்

பிளாஸ்டிக் கலவைகள் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: பிளாஸ்டிக்குக்குள் படிகம் இருக்கிறது என்று வேதியியல் வகுப்பில் சொன்னார்கள். கல்கண்டில் படிகம் கண்ணுக்குத் தெரிகிறது. வாளியில் எங்கே இருக்கிறது? (பிளஸ் டூ மாணவி, சேலம்)

ப: வாளி முழுக்க இருக்கிறது, கண்ணுக்குத்தான் எட்டாது. பாலிப்ரொப்பிலீன் வாளி என்றால் ஏறக்குறைய பாதி படிகம். எச்.டி. என்று கடைக்காரர்கள் சொல்லும் அடர் பாலிஎத்திலீன் கேன் என்றால் 60 முதல் 80 சதவீதம் வரை. மீதிப் பகுதி ஒழுங்கில்லாமல் சுருண்டு கிடக்கிறது.

பிளாஸ்டிக்கின் மூலக்கூறு ஒரு நீளமான சங்கிலி. உருகிய நிலையில் இந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். குளிர ஆரம்பித்ததும் ஒவ்வொன்றும் முன்னும் பின்னுமாக மடிந்து, சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகளாக அமைந்துகொள்ளும். 1957-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கெல்லர் பாலிஎத்திலீனின் ஒற்றைப் படிகங்களை வளர்த்து மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். சங்கிலியோ தகட்டின் தடிமனைவிடப் பல மடங்கு நீளம். ஆனாலும் அது தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறது. அப்படியானால் மடியாமல் அதற்குள் அடங்க வழியே இல்லை என்றார். இருபதாம் நூற்றாண்டு வேதியியலில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு அழகான தர்க்கம் அதிகம் இல்லை.

தகடுகள் ஒரு மையத்திலிருந்து எல்லாத் திசையிலும் வளர்ந்து நுண்ணிய உருண்டைகளாகின்றன. விறைப்பைத் தருவது படிகம். அடி தாங்கும் குணத்தைத் தருவது, தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் பாலமாக ஓடும் ஒழுங்கற்ற சங்கிலிகள். இரண்டும் வேண்டும்.

கே: எல்லா பிளாஸ்டிக்கும் படிகமாகுமா? (திருச்சி)

ப: ஆகாது. சங்கிலி ஒழுங்காக இருந்தால்தான் அடுக்காக அமையும். சாதாரண பாலிஸ்டைரீன், அக்ரிலிக் தகடு இரண்டும் உறையும், ஆனால் படிகமாகாது. அதனால்தான் அவை கண்ணாடிபோல் தெளிவாக இருக்கின்றன. பாலிப்ரொப்பிலீனின் கதை இன்னும் சுவையானது. சங்கிலியில் உள்ள பக்கக் கிளைகள் தாறுமாறாக நின்றால் அது பிசுபிசுப்பான மென்மையான பொருள், வாளி செய்ய உதவாது. 1954-இல் இத்தாலியின் ஜூலியோ நாட்டா அந்தக் கிளைகளை எல்லாம் ஒரே பக்கமாக நிற்க வைத்தார். உடனே அது படிகமானது, 160 டிகிரிக்கு மேல்தான் உருகுமளவுக்கு உறுதியும் பெற்றது. அவருக்கும் ஜெர்மனியின் கார்ல் சீக்லருக்கும் 1963-இல் நோபல் பரிசு. வேதிப்பொருள் அதேதான், ஒழுங்குதான் புதிது.

கே: இரண்டு வகை பிளாஸ்டிக்கை உருக்கி நன்றாகக் கலக்கினால் ஒரே பொருளாகிவிடாதா? (பாலிடெக்னிக் மாணவர், ஓசூர்)

ப: பெரும்பாலும் ஆகாது. நீங்கள் எவ்வளவு கலக்கினாலும் ஆகாது.

தண்ணீரில் சாராயம் கலப்பதற்கு ஒரு பெரிய காரணம், சிறிய மூலக்கூறுகள் கலக்கும்போது கிடைக்கும் சுதந்திரம். எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கலாம் என்ற வாய்ப்புகள் பெருகுகின்றன. நீண்ட சங்கிலிக்கு அந்தச் சுதந்திரம் கிடைப்பதில்லை. ஒரு கண்ணி நகர்ந்தால் மற்ற கண்ணிகளும் கூடவே வர வேண்டும். 1940-களின் தொடக்கத்தில் பால் ஃப்ளோரியும் மாரிஸ் ஹக்கின்ஸும் தனித்தனியாக இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். கலப்பதால் வரும் ஆதாயம் இவ்வளவு சிறிதாக இருக்கும்போது, இரண்டு சங்கிலிகளுக்கும் இடையில் துளி ஒவ்வாமை இருந்தாலே போதும், பிரிந்துவிடும். பாலிஎத்திலீனையும் பாலிப்ரொப்பிலீனையும் பாருங்கள். இரண்டிலும் கார்பனும் ஹைட்ரஜனும் தவிர வேறு ஒன்றும் இல்லை. அப்படியும் உருகிய நிலையிலேயே ஒன்றுக்குள் ஒன்று துளித்துளியாகப் பிரிந்து நிற்கும்.

விதிவிலக்குகள் உண்டு. பாலிஸ்டைரீனும் பாலிபினைலீன் ஆக்சைடும் எந்த விகிதத்திலும் கலக்கும். பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக்கும் அக்ரிலிக்கும் உருகிய நிலையில் கலக்கும். ஆனால் குளிரும்போது பிவிடிஎஃப் மட்டும் அடுக்காக அமைந்துகொண்டு, அக்ரிலிக் சங்கிலிகளைத் தகடுகளின் இடைவெளிக்குத் தள்ளிவிடும். கூடியிருந்தவற்றைப் படிகம் பிரித்துவைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

கே: அப்படியானால் தொழிற்சாலைகளில் ஏன் கலக்கிறார்கள்? (இல்லத்தரசி, கும்பகோணம்)

ப: காலையில் நீங்கள் வெட்டும் பால் பாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். அது இரண்டு பாலிஎத்திலீன்களின் கலவை. ஒன்று எல்.டி., இதன் சங்கிலியில் நீளநீளமான கிளைகள் உண்டு. இன்னொன்று எல்.எல்.டி., இதில் குட்டைக் கிளைகள் மட்டும். எல்.டி. சுமார் 110 டிகிரியில் உருகும், எல்.எல்.டி. 120-ஐத் தாண்டி உருகும். எல்.டி. மட்டும் போட்டால் படலம் ஊத எளிது, ஆனால் பை எளிதில் கிழியும். எல்.எல்.டி. மட்டும் போட்டால் பை உறுதி, ஆனால் ஊதும் குமிழி ஆடும், இயந்திரமும் திணறும். இரண்டையும் சேர்த்தால் குமிழியும் நிற்கும், பையும் தாங்கும், சூடான முனை அழுத்தியதும் ஒட்டு பிடிக்கும்.

படல ஆலைக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால் தவறவிடாதீர்கள். அச்சிலிருந்து உருகிய குழாய் மேலெழும்போது கண்ணாடிபோல் இருக்கும். குறிப்பிட்ட உயரத்தில் திடீரென்று ஒரு வட்டக் கோடு, அதற்கு மேல் படலம் மங்கல். ஃப்ராஸ்ட் லைன் என்று ஆலையில் அதைச் சொல்வார்கள். அந்தக் கோட்டில்தான் படிகம் பிறக்கிறது. காற்றைக் கூட்டினால் கோடு கீழே இறங்கும், குறைத்தால் மேலே ஏறும். ஆபரேட்டர் அந்தக் கோட்டைப் பார்த்தே படலத்தின் குணத்தைச் சொல்லிவிடுவார். நுண்ணோக்கி இல்லாமல், வெறும் கண்ணால், ஒரு பாலிமர் படிகமாவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கலவையில் எல்.எல்.டி. முதலில் அடுக்காக அமையத் தொடங்கும், எல்.டி. பின்னால் வந்து மீதி இடத்தை நிரப்பும். மெதுவாகக் குளிர்ந்தால் இரண்டும் தனித்தனித் தகடுகளாகப் போய்விடும். வேகமாகக் குளிர்ந்தால் பிரிய நேரம் கிடைக்காமல் ஓரளவு ஒரே தகட்டிலும் சேர்ந்து அமரும்.

கே: குளிரும் வேகத்துக்கு அவ்வளவு வலிமையா? (மதுரை)

ப: உருக்கிய நெய்யை அடுப்படியில் அப்படியே ஆறவிட்டால் மணல்மணலாக உறைகிறது, குளிர்பெட்டியில் வைத்தால் வழுவழுப்பாக உறைகிறது அல்லவா? பிளாஸ்டிக்கிலும் அதே கணக்குதான். மெதுவாகக் குளிர்ந்தால் சில மையங்கள், பெரிய உருண்டைகள், கூடுதல் படிகம், கூடுதல் விறைப்பு, கூடவே நொறுங்கும் ஆபத்து. வேகமாகக் குளிர்ந்தால் நிறைய மையங்கள், சின்ன உருண்டைகள், தெளிவும் தாங்கும் சக்தியும் அதிகம். பெரிய உருண்டைகள் ஒன்றையொன்று முட்டும் எல்லைக்கோட்டில்தான் விரிசல் வழி தேடும்.

கே: ஒரே மோல்டு, ஒரே மெஷின், ஒரே பாலிப்ரொப்பிலீன். வெள்ளை மூடி டப்பாவுக்குச் சரியாக உட்காருகிறது. நீல மூடி கோணிக்கொண்டு நிற்கிறது. நிறக்கலவை தரும் மாஸ்டர்பேட்ச்காரர் தன் பொருளில் குறை இல்லை என்கிறார். எங்கே கோளாறு? (மோல்டிங் பட்டறை, அம்பத்தூர்)

ப: கோளாறு நீல நிறத்திலேயே இருக்கலாம். பொருளின் தரத்தில் குறையே இல்லாமலும் இது நடக்கும்.

நீலத்துக்கும் பச்சைக்கும் பெரும்பாலும் போடுவது தாலோசயனின் வகை நிறமி. அதன் துகள்களின் மேற்பரப்பில் பாலிப்ரொப்பிலீன் சங்கிலிகளும் பாலிஎத்திலீன் சங்கிலிகளும் மிக எளிதாகப் படிகம் தொடங்கும். வண்ணத்துக்காகப் போட்டது படிக விதையாகவும் வேலை செய்துவிடுகிறது. விளைவு: வெள்ளை மூடி உறைவதைவிட நீல மூடி சீக்கிரமாக, உயர்ந்த வெப்பத்திலேயே உறைகிறது. சுருக்கம் மாறுகிறது. அதைவிடத் தொல்லை, பிளாஸ்டிக் ஓடிய திசையில் ஒரு சுருக்கம், குறுக்கே வேறொரு சுருக்கம். மூடி கோணாமல் என்ன செய்யும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாலிப்ரொப்பிலீன் அச்சில் 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும் பொருள். படிகமே இல்லாத பாலிஸ்டைரீன் 0.4 முதல் 0.7 சதவீதம்தான். 300 மில்லிமீட்டர் மூடியில் வெறும் 0.2 சதவீத வேறுபாடு என்றாலே 0.6 மில்லிமீட்டர் போய்விடும். மூடி உட்காராமல் போக அது தாராளம்.

வழிகள் உண்டு. முதலாவது, கேட்டை ஒட்டிய பகுதிக்கும் ஓரத்துக்கும் அச்சு வெப்பநிலை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், சில்லர் தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் நன்றாக ஓடினால் நிறமி செய்யும் கோணல் இரட்டிப்பாகும். இரண்டாவது, கோணல் விளைவிக்காத நீலம் வேண்டும் என்று மாஸ்டர்பேட்ச்காரரிடம் கேட்டு வாங்குங்கள். தாலோசயனின் இல்லாத நீலங்களும் இருக்கின்றன. மூன்றாவது, எல்லா நிறத்துக்கும் பொதுவாக, வலுவான விதைப்பொருள் ஏற்கெனவே சேர்த்த பாலிப்ரொப்பிலீனை வாங்குங்கள். அந்த விதை நிறமியை முந்திக்கொள்ளும், எல்லா நிற மூடியும் ஒரே அளவில் சுருங்கும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மூடி மெஷினிலிருந்து விழுந்த சூட்டோடு அளந்துவிட்டு மோல்டை ராவ உட்காராதீர்கள். அச்சைவிட்டு வந்த பிறகும் படிகமாவது மெதுவாகத் தொடரும். 24 முதல் 48 மணி நேரம் கழித்து அளந்த அளவே அளவு.

கே: விதைப்பொருள் என்றால்? (அதே மாவட்டத்திலிருந்து இன்னொருவர்)

ப: படிகம் தொடங்க இடம் கொடுக்கும் துகள். டால்க் மாவு ஒன்று, சோடியம் பென்சோயேட் இன்னொன்று. சார்பிடாலிலிருந்து செய்யும் ஒரு வகை இருக்கிறது, அது உருகிய பாலிப்ரொப்பிலீனில் கரைந்து, குளிரும்போது நுண்ணிய நார்வலையாகப் பிரியும். அந்த வலை முழுவதும் படிக மையங்கள். உருண்டைகள் ஒளியைச் சிதறடிக்க முடியாத அளவுக்குச் சிறிதாகிவிடும். கடையில் விற்கும் தெளிவான பாலிப்ரொப்பிலீன் டப்பாக்களின் ரகசியம் அதுதான். ஆயிரத்துக்கு இரண்டு பங்கு அளவில் போட்டாலே போதும்.

கே: பழைய வாளி, மக், நாற்காலி எல்லாம் அரைத்து டானா (பிளாஸ்டிக் மணி) போடுகிறோம். பாலிப்ரொப்பிலீன் என்று விற்கிறோம். அதில் செய்த ஸ்டூலின் கால் பட்டென்று உடைகிறது என்று புகார் வருகிறது. கொஞ்சம் எச்.டி. கலந்திருக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். கொஞ்சம்தானே? (மறுசுழற்சித் தொழில், கோவை)

ப: அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று முதலில் அளந்து பாருங்கள். டி.எஸ்.சி. என்ற கருவி இருக்கிறது. சில மில்லிகிராம் டானாவை வைத்து நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடாக்கினால், எந்த வெப்பத்தில் எவ்வளவு படிகம் உருகுகிறது என்று கோடு வரைந்து காட்டும். சுத்தமான பாலிப்ரொப்பிலீனுக்கு 160 டிகிரியைத் தாண்டி ஒரே குழி. உங்கள் டானாவில் 125-க்கும் 130-க்கும் அருகே இன்னொரு குழி தெரிந்தால், அது பாலிஎத்திலீன். குழியின் பரப்பை வைத்து அளவையும் மதிப்பிடலாம். கலந்து ஒன்றாகியிருந்தால் இரண்டு குழி வராது. இரண்டும் தனித்தனியாகப் படிகமாகியிருப்பதற்கு அந்த இரண்டு குழிகளே சாட்சி.

ஸ்டூல் கால் ஏன் உடைகிறது? பாலிப்ரொப்பிலீனுக்குள் பாலிஎத்திலீன் துளித்துளியாக நிற்கிறது. உறையும்போது துளியும் சுருங்குகிறது, சுற்றியிருப்பதும் சுருங்குகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் சுருங்குவதில்லை. இரண்டு வகைச் சங்கிலிகளும் எல்லையைத் தாண்டி மற்றதன் படிகத்துக்குள் நுழைவதும் இல்லை. எல்லை முழுவதும் பிடிப்பு இல்லாத மெல்லிய இடைவெளி. ஆள் உட்கார்ந்ததும் விரிசல் அந்த வழியாகவே ஓடுகிறது.

இதற்கு உலகம் தேடிய விடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2017-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கோட்ஸும் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் பேட்ஸும் தம் குழுவினருடன், பாலிஎத்திலீன் துண்டும் பாலிப்ரொப்பிலீன் துண்டும் மாறிமாறி வரும் சங்கிலிகளைச் செய்தார்கள். கலவையில் 1 சதவீதம் போட்டாலே, நொறுங்கிக்கொண்டிருந்தது இழுத்தால் நீளும் பொருளானது. காரணத்தைக் கவனியுங்கள். ஒட்டுச் சங்கிலியின் ஒரு துண்டு பாலிஎத்திலீன் படிகத்துக்குள் போய் அதனுடன் சேர்ந்தே உறைகிறது, அடுத்த துண்டு எதிர்ப்பக்கத்தில் பாலிப்ரொப்பிலீன் படிகத்துக்குள் போய் உறைகிறது. பசை ஒட்டவில்லை, படிகமே எல்லையைத் தைக்கிறது. துண்டுகள் குட்டையாக இருந்தால் தையல் பிரிந்துவிடும், போதிய நீளம் வேண்டும்.

உங்கள் பட்டறைக்கு இன்றைக்கு எட்டும் வழி, எத்திலீன்–ப்ரொப்பிலீன் ரப்பர் அல்லது எத்திலீன்–ஆக்டீன் வகை ரப்பரைச் சிறிது சேர்ப்பது. விறைப்பு கொஞ்சம் குறையும், உடையும் புகார் குறையும். ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது பிரிப்பு. மேசையில் உட்கார்ந்து வாளியையும் கேனையும் கையால் பிரிக்கும் பெண்களின் அனுபவம்தான் உங்கள் டானாவின் தரம். அவர்களுக்கு நல்ல கூலி கொடுங்கள். ரப்பருக்குக் கொடுப்பதைவிட அது நல்ல முதலீடு.

கே: தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பிரிக்க முடியாதா? (கரூர்)

ப: இந்த இரண்டை முடியாது. பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி 0.90, எச்.டி. 0.94 முதல் 0.97. இரண்டும் மிதக்கும்.

கே: சில பெட்டிகள் ஃபிரீசரில் வைத்தால் உடைகின்றன, சில உடைவதில்லை. இரண்டின் அடியிலும் முக்கோணத்துக்குள் 5 என்றே இருக்கிறது. (நாகர்கோவில்)

ப: இரண்டும் பாலிப்ரொப்பிலீன்தான். ஆனால் சாதாரண பாலிப்ரொப்பிலீனின் படிகமல்லாத பகுதி பூஜ்யம் டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனதும் விறைத்துப்போகும். ஃபிரீசர் வெப்பத்தில் தட்டினால் உடையும். உடையாத பெட்டியில், பாலிப்ரொப்பிலீன் தயாரிக்கும்போதே எத்திலீன்–ப்ரொப்பிலீன் ரப்பரை நுண்துளிகளாக உள்ளே உருவாக்கிவிடுகிறார்கள். ரப்பர் துளி குளிரிலும் மென்மையாக இருந்து அடியை வாங்கிக்கொள்ளும். காரின் பம்பரிலும் இதே உத்திதான்.

கோவை நண்பருக்குச் சொன்னதற்கு இது முரணாகத் தோன்றும். அங்கே பிரிந்து நின்றது குறை, இங்கே பிரிந்து நிற்பதே பலம். துளி எவ்வளவு சிறிது, எல்லையில் பிடிப்பு உண்டா என்பதே கேள்வி.

கே: துளி மிகவும் சிறிதானால் உறையும் வெப்பநிலையே இறங்கிவிடும் என்கிறார்களே, எப்படி? (முதுகலை மாணவர், காரைக்குடி)

ப: அருமையான கேள்வி. உருகிய பிளாஸ்டிக் தானாகப் படிகமாவது அரிது. தூசி, வினையூக்கி மிச்சம் என்று ஏதோ ஒரு அந்நியத் துகளில்தான் பெரும்பாலும் தொடங்கும். மொத்தமாக இருக்கும்போது ஒரு துகள் போதும், அங்கே தொடங்கிய படிகம் பரவிவிடும். அதே பொருளை இன்னொரு பிளாஸ்டிக்குக்குள் மைக்ரானுக்கும் சிறிய துளிகளாக்கிவிட்டால், துளிகளின் எண்ணிக்கை துகள்களின் எண்ணிக்கையை மிஞ்சிவிடும். துகள் கிடைத்த துளி வழக்கமான வெப்பத்தில் உறையும், கிடைக்காத துளி உறைய வழியின்றிக் காத்திருக்கும். பாலிப்ரொப்பிலீன் மொத்தமாக 110 டிகிரி அளவில் உறைவது, இப்படிப்பட்ட துளிகளில் 45 டிகிரி அளவு வரை இறங்கிவிடும். அங்கேதான் சங்கிலிகள் வெளி உதவியின்றித் தாமாகவே விதையை உண்டாக்குகின்றன. மேகத்தில் தூசியற்ற நீர்த்துளி மைனஸ் 38 டிகிரி வரை நீராகவே இருப்பதும் இதே இயற்பியல். உங்கள் ஆய்வில் குளிரூட்டும் கோட்டில் இரண்டு மூன்று முகடுகள் வந்தால் கருவியைச் சந்தேகிக்குமுன் துளிகளின் அளவைப் பாருங்கள்.

கே: சோளத்திலிருந்து செய்த தம்ளர் என்று ஒரு விழாவில் சூடான டீ கொடுத்தார்கள். தம்ளர் துவண்டுவிட்டது. ஏமாற்று வேலையா? (தஞ்சாவூர்)

ப: பொருள் உண்மையானதாகவே இருக்கலாம், டீக்குப் பொருத்தமில்லாதது. அது பிஎல்ஏ எனப்படும் பாலிலாக்டிக் அமிலமாக இருந்திருக்கும். அது மிக மெதுவாகப் படிகமாகும் பொருள். அச்சில் சட்டென்று குளிர்ந்ததால் படிகமே இல்லாமல் உறைந்திருக்கும், 60 டிகிரியில் இளகிவிடும். டால்க் சேர்த்து, சூடான அச்சில் நேரம் கொடுத்துப் படிகமாக்கினால் வெள்ளையாகும், சூட்டையும் தாங்கும். மக்கும் கரண்டிகள் பால்வெள்ளையாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இதில் ஒரு கலவை அதிசயம் உண்டு. லாக்டிக் அமிலத்துக்கு வலக்கை, இடக்கை என்று இரு வடிவங்கள். ஒரு வடிவத்தில் மட்டும் செய்த சங்கிலி 180 டிகிரி அளவில் உருகும். இரண்டு வடிவச் சங்கிலிகளையும் சமமாகக் கலந்தால், அவை ஜோடி சேர்ந்து புதிய வகைப் படிகமாக அமையும். அதன் உருகுநிலை 230 டிகிரி. ஜப்பானின் யோஷிட்டோ இக்காடாவும் குழுவினரும் 1987-இல் இதை வெளியிட்டார்கள். கலந்தால் குணம் குறையும் என்றே பார்த்துப் பழகிய துறையில், கலந்ததால் 50 டிகிரி கூடியது.

கே: தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றினால் சுருங்கி, சில இடம் வெள்ளையாகிறது. பழச்சாறு பாட்டிலின் கழுத்து மட்டும் ஏன் வெள்ளை? (வேலூர்)

ப: பெட் பாட்டிலை 100 டிகிரி அளவில் இழுத்து ஊதுகிறார்கள். இழுப்பில் பிறக்கும் படிகங்கள் ஒளி அலையைவிடச் சிறியவை, அதனால் உடம்பு தெளிவு. கழுத்து இழுபடுவதில்லை, எனவே அதில் படிகம் இல்லை, வெந்நீருக்கு இளகும். பழச்சாற்றைச் சூடாக நிரப்ப வேண்டியிருப்பதால் கழுத்தை மட்டும் தனியே சுட்டுப் படிகமாக்குகிறார்கள். இழுக்காமல் பிறந்த பெரிய படிகம், வெள்ளை நிறம்.

மறுசுழற்சி பெட்டில் சங்கிலிகள் குட்டையாகியிருக்கும், அந்நியத் துகள்களும் இருக்கும். இரண்டும் படிகமாவதை விரைவுபடுத்தும். தெளிவான பாட்டில் வேண்டுவோர் புதியதுடன் கலக்கும் விகிதத்தில் கவனமாக இருப்பது அதனால்தான்.

கே: பாலியஸ்டர் துணியில் ஒரே பாத்தில் சாயம் போட்டும் கோடுகோடாக வருகிறது. (சாயப்பட்டறை, பெருந்துறை)

ப: சாயம் படிகத்துக்குள் நுழையாது. ஒழுங்கற்ற பகுதிக்குள்தான் போகும், அதையும் திறக்கத்தான் 130 டிகிரி வரை அழுத்தத்தில் ஏற்றுகிறீர்கள். ஒரு நூலில் படிகம் கொஞ்சம் கூட, இன்னொன்றில் குறைவு என்றால் அதே பாத்தில் இரண்டு நிறம். ஹீட் செட்டிங் வெப்பம் துணியின் அகலம் முழுக்க ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். புதிய நூலையும் மறுசுழற்சி நூலையும், அல்லது இரண்டு லாட் நூல்களை, ஒரே துணியில் கலந்திருக்கிறார்களா என்று நெசவாளரிடம் கேளுங்கள். சாயத்தைக் குறை சொல்லும் முன் நூலைக் கேட்பதே சரியான வரிசை.

கே: மொட்டை மாடி நாற்காலி இரண்டு கோடையில் மாவு உதிர்ந்து விரிசல் விடுகிறது. (ராமநாதபுரம்)

ப: புற ஊதாக் கதிர் பாலிப்ரொப்பிலீன் சங்கிலிகளை வெட்டுகிறது. முதலில் அறுபடுவது தகடுகளை இணைக்கும் பாலச் சங்கிலிகள். அறுந்த துண்டுகள் விடுதலையாகி, பக்கத்துப் படிகத்தில் போய்ச் சேர்ந்துகொள்கின்றன. மேற்பரப்பில் படிகம் கூடிச் சுருங்குகிறது, உள்பகுதி சுருங்குவதில்லை, தோல் வெடிக்கிறது. எச்.டி. குழாய் கறுப்பாக இருப்பதும் இதைத் தடுக்கத்தான், 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கார்பன் கறுப்பு சேர்ப்பார்கள். நாற்காலியை நிழலில் போடுங்கள்.

கே: மதுரை பிளாஸ்டிக் சாலையில் எல்லா வகையும் கலக்கிறதே, அங்கே இந்தப் பிரச்சினை வராதா? (திண்டுக்கல்)

ப: தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ஆர். வாசுதேவன் செய்த அறிவார்ந்த காரியம், பிளாஸ்டிக்கைத் தாருக்குள் கலக்காமல் சூடான ஜல்லியின் மேல் தூவியதுதான். தாருக்குள் கலந்து சேமித்தால் பாலிஎத்திலீன் பிரிந்து மேலே வந்துவிடும். ஜல்லியின் மேல் மெல்லிய பூச்சாக உருகிப் பிடித்துக்கொண்டால் பிரிந்தோட இடமில்லை, பிறகு வரும் தார் அதன் மேல் பற்றிக்கொள்ளும். அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பிவிசி மட்டும் இதில் சேர்க்கக் கூடாது, சூட்டில் அமில வாயு விடும்.

கே: இதை முறையாக எங்கே படிக்கலாம்? (பிளஸ் டூ மாணவர், விழுப்புரம்)

ப: சென்னை கிண்டியில் சிப்பெட் இருக்கிறது. 1968-இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம். டிப்ளமோவும் உண்டு. கணக்கையும் இயற்பியலையும் விடாதீர்கள், இரண்டும் இந்தத் துறையில் தினமும் தேவைப்படும்.

கே: இவ்வளவும் படித்தேன். வீட்டில் நான் செய்யக் கூடியது என்ன? (ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநெல்வேலி)

ப: அடியில் உள்ள எண்ணைப் பாருங்கள், டீச்சர். 2 என்றால் எச்.டி., 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். இந்த இரண்டையும் தனித்தனிப் பையில் கட்டிக் காயலான் கடைக்குக் கொடுங்கள். தண்ணீரால் முடியாத வேலையை உங்கள் கை செய்துவிடும். பெட் பாட்டிலின் மூடியைக் கழற்றிக் கொடுக்கத் தேவையில்லை, அரைத்த பிறகு மூடி மிதக்கும், பாட்டில் மூழ்கும். ஆனால் பாட்டிலைச் சுற்றி இறுக்கமாக ஒட்டிய வழுவழுப்பான உறையைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். அவற்றில் சில பிவிசி. அது பெட்டோடு சேர்ந்தே மூழ்கும், பெட்டை உருக்கும் வெப்பத்தில் சிதைந்து அமிலம் விட்டு, கூட இருக்கும் நல்ல பெட்டின் சங்கிலிகளையும் வெட்டிவிடும்.